பச்சைக் கட்டை வைத்த அக்கார்டியன்

மே 4

அண்ணனுக்கு,

போனில் பேசினால் மூன்றாவது வாக்கியத்தில் நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது, பாதியில் வைத்துவிட்டுப் போகவும் முடியாது.

விடுமுறைக்கு நல்லபடியாக வந்து சேர்ந்தோம். ஓட்டல் ஒரு சந்துக்குள் இருக்கிறது. ஜன்னலுக்கு நேர் கீழே சைக்கிள் வாடகைக் கடை. இந்த ஊரை சைக்கிளில்தான் பார்க்க வேண்டும் என்று உன் மாப்பிள்ளை ஊரிலிருந்தே பீற்றிக்கொண்டு வந்தார். முதல் நாளே இடுப்பைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டார். நான் தனியாகத்தான் சுற்றுகிறேன். மணிக்கூண்டு, கால்வாய்ப் பாலம், பழைய ரயில் நிலையம் எல்லாம் ஆயிற்று. எனக்குக் கிடைத்த சைக்கிளில் சங்கிலி கழன்று கழன்று விழுகிறது, முட்டி வேறு வலிக்கிறது. உன்னைப் போன்ற சைக்கிள் கடைக்காரனின் தங்கைக்கு வந்த கதியைப் பார்.

இங்கே ஓர் இசை மியூசியம் இருக்கிறதாம். அதை அவசரமில்லாமல் பார்க்கலாம் என்று மிச்சம் வைத்திருக்கிறேன். அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கலாம் என்று தோன்றியது. அத்தனை வருஷம் பள்ளிக்கூடத்தில் அக்கார்டியனை மாட்டிக்கொண்டு பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தவள், எவ்வளவு ரசித்திருப்பாள்!

ஆனால் அம்மாவிடம் கேட்பது எப்படி? போன் செய்தால் அண்ணிதான் எடுக்கிறார். அம்மா குளிக்கிறாளாம், தூங்குகிறாளாம், பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கிறாளாம். ஒரு மனுஷி ஒரு நாளைக்கு எத்தனை தடவை குளிப்பாள்? போன தடவை நான் வந்திருந்தபோதும் கவனித்தேன். நான் எதைக் கேட்டாலும் அம்மா அண்ணியின் முகத்தைப் பார்த்துத்தான் பதில் சொன்னாள். சொந்த வீட்டில் அப்படி என்ன பயம் அவளுக்கு? யார் மேலும் பழி போடவில்லை. கேட்கிறேன், அவ்வளவுதான்.

இன்னொன்று. உன் மருமகளுக்குக் கல்லூரி விடுமுறையில் அக்கார்டியன் கற்றுக்கொள்ள ஆசை. அம்மாவின் பெட்டி பத்திரமாக இருக்கிறதா? அடுத்த மாதம் வரும்போது எடுத்துக்கொள்கிறேன்.

கவரைச் சுற்றி டேப் ஒட்டியிருக்கிறேன். யாருக்காக என்று உனக்கே தெரியும்.

தங்கை

*

மே 7

பாப்பாவுக்கு,

உன் கவரைப் பிரிக்கக் கடையிலிருந்து ஸ்க்ரூ டிரைவர் கொண்டுவரச் சொன்னாள் உன் அண்ணி. அவளுக்குப் புரியாமல் இல்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனால் சாப்பிடும்போது பேசவில்லை.

அம்மா நன்றாக இருக்கிறாள். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாள், சாயந்திரம் நடக்கிறாள். போனில் பேச அவளுக்கு இப்போது அலுப்பு. வயசானால் அப்படித்தான். இதற்குப் போய் உன் இன்சூரன்ஸ் ஆபீசில் தீப்பிடித்த கடைக்காரனைக் கேள்வி கேட்கிற மாதிரி எங்களைக் கேட்காதே. ஊர் சுற்றப் போன இடத்திலும் அந்த ஆபீஸ் புத்தியை மூட்டை கட்டிக்கொண்டா போவாய்?

அக்கார்டியன் பரணில் இருக்கிறது. கம்பளியில் சுற்றி வைத்திருக்கிறேன். துருத்தியெல்லாம் மொடமொடவென்று இருக்கிறது, அசைத்தால் கிழியும். பிள்ளைக்குப் புதிதாக ஒன்று வாங்கிக் கொடு.

சைக்கிள் விஷயத்துக்கு வருகிறேன். சீட்டை ஏற்று. பெடல் கீழே இருக்கும்போது கால் கிட்டத்தட்ட நீள வேண்டும், அப்போது முட்டி வலிக்காது. சங்கிலி தொளதொளவென்று தொங்கினால் அந்தக் கடைக்காரனைப் பின்சக்கரத்தைக் கொஞ்சம் பின்னால் இழுத்து முடுக்கச் சொல். முடியாது என்றால் வேறு சைக்கிள் கேள். வாடகைக்குக் கொடுப்பவன் ஓடாததைத்தான் முதலில் தள்ளிவிடுவான்.

மியூசியத்தில் என்ன பார்க்கப் போகிறாய்? கண்ணாடிக்குள் பழைய சாமான். வெயிலில் மேடேறிப் போய் அதைப் பார்ப்பதற்கு ஏரிக்கரைப் பக்கம் போகலாம். போயே தீருவேன் என்றால், அந்தச் சரிவில் டிராம் தண்டவாளம் வளைந்து ரோட்டைக் கடக்கும், அங்கே பார்த்துப் போ. சாய்வாகப் போனால் முன்சக்கரம் பள்ளத்தில் மாட்டும். ஹேண்டிலை நேராக்கிக் குறுக்கே வெட்டிப் போ.

மாப்பிள்ளைக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

அண்ணன்

*

மே 10

அண்ணனுக்கு,

சீட்டை ஏற்றினேன். முட்டி வலி போய்விட்டது. அதற்கு நன்றி. இனி எழுதப்போவது எதற்கும் அந்த நன்றி பொருந்தாது.

நேற்று மியூசியத்துக்குப் போனேன். நீ வேண்டாம் என்று சொன்னதால்தான் உடனே போனேன். என்னை அறிந்தவன், அதையாவது யோசித்திருக்க வேண்டாமா?

சரிவில் தண்டவாளம் வந்தது. நீ எழுதியபடியே ஹேண்டிலை நேராக்கிக் கடந்தேன். கடந்த பிறகுதான் மூக்கு வேர்த்தது. இங்கே டிராம் ஓடுகிறது என்று நான் எழுதவே இல்லையே? மியூசியம் மேட்டில் இருக்கிறது என்றும் எழுதவில்லை. ஒரு நாள் கடையைச் சாத்தினால் குடியே முழுகிவிடும் என்று என் வீட்டுக்கே வராதவன் நீ. இந்த ஊரின் தண்டவாளம் எந்த இடத்தில் வளைகிறது என்பது உனக்கு எப்படித் தெரியும்? சைக்கிளை அங்கேயே நிறுத்திவிட்டு உன் கடிதத்தை மறுபடி படித்தேன்.

அப்புறம் உள்ளே போனேன். கீழே மத்தளங்கள், தட்டிப் பார்க்கலாம். அடுத்த அறையில் வயிற்றைத் திறந்து போட்ட பியானோ. மாடியில் காற்றில் இயங்கும் வாத்தியங்களுக்கென்று ஒரு நீளமான கூடம். ஜன்னலோரக் கண்ணாடிப் பெட்டியில் சிவப்பு அக்கார்டியன் ஒன்று இருந்தது. அந்த மாதிரி ஆயிரம் இருக்கும் என்று நகரப் போனேன். வெள்ளைக் கட்டைகளுக்கு நடுவே ஒன்று மட்டும் பச்சை. அதில் பாதி நட்சத்திரம்.

என்னுடைய டூத் பிரஷ், அண்ணா. நான் அக்கார்டியனைக் கீழே போட்டு ஒரு கட்டையை உடைத்துவிட்டு அழுதபோது, அம்மா பள்ளியிலிருந்து வருவதற்குள் நீ என் பிரஷின் பிடியை அறுத்து, ராவி, ஒட்டினாயே, அதே கட்டை. பிடியில் இருந்த நட்சத்திரம் பாதியில் வெட்டுப்பட்டதற்குக்கூட நான் அழுதேன். பரணில் கம்பளிக்குள் இருப்பது இங்கே கண்ணாடிக்குள் எப்படி வந்தது?

அட்டையில், 'ஒரு குடும்பம் அளித்தது, பெயர் வெளியிட விரும்பவில்லை' என்று போட்டிருந்தது. விரும்ப மாட்டார்கள்தான். பக்கத்தில் ஒரு ஹெட்போன் தொங்கியது. அதையெல்லாம் மாட்டிக்கொண்டு நிற்கிற நிலையில் நான் இல்லை. படியில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

யோசித்துப் பார்த்தேன். அம்மாவைப் போனுக்கு வரவிடுவதில்லை. வந்தாலும் அண்ணி முகத்தைப் பார்த்துப் பேசுகிறாள். நீ யாருக்கும் சொல்லாமல் இந்த ஊர்வரை வந்து, அவள் உயிராக வைத்திருந்த பொருளைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாய். கேட்டால் பரணில் இருக்கிறது என்று வாய் கூசாமல் எழுதுகிறாய். விற்றாயா, சும்மா கொடுத்தாயா என்பது எனக்கு முக்கியமில்லை. அம்மா சம்மதித்தாளா? அது ஒன்றுதான் கேள்வி. சம்மதித்திருந்தால் எதற்கு இத்தனை மூடி மறைப்பு?

பதினைந்தாம் தேதி இங்கிருந்து கிளம்புகிறோம். அன்றைக்குக் காலையில் மியூசிய நிர்வாகியைப் பார்த்து, இது உரியவரைக் கேட்காமல் கொடுக்கப்பட்ட பொருள் என்று எழுதிக் கொடுக்கப்போகிறேன். அவர்கள் வீடு தேடி வந்து அம்மாவிடமே கேட்கட்டும். அப்போது யார் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்கிறாள் என்று பார்ப்போம்.

டேப்பை இந்தத் தடவை இரண்டு சுற்று ஒட்டியிருக்கிறேன்.

தங்கை

*

மே 12

பாப்பா,

திருடன் என்று ஒரே வார்த்தையில் எழுதியிருக்கலாம். இரண்டு பக்கம் மிச்சமாகியிருக்கும்.

உன் அண்ணியைப் பற்றி நீ எழுதியதை அவளிடம் காட்டவில்லை. உன் டேப்புக்கு இந்த ஒரு தடவை வேலை இருந்தது.

பரணில் இருக்கிறது என்று எழுதியது பொய். ஒத்துக்கொள்கிறேன். மற்றது எதையும் என்னால் சொல்ல முடியாது. என் வாயால் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன், யாருக்கு என்று கேட்காதே. நீ என்னை நம்ப வேண்டாம். எப்போது நம்பினாய், இப்போது நம்ப?

ஒரே ஒரு கேள்வி. அத்தனை தூரம் மிதித்துப் போனவள், அந்த ஹெட்போனை எடுத்துக் காதில் வைத்தாயா? கட்டையைப் பார்த்தாய், அட்டையைப் படித்தாய், என் மேல் வழக்கும் ஜோடித்துவிட்டாய். வாத்தியம் என்றால் கேட்கிற சாமான், பாப்பா. அதைக் கேட்டுவிட்டு நீ யாரிடம் வேண்டுமானாலும் எழுதிக் கொடு, நானே வந்து கையெழுத்துப் போடுகிறேன்.

அம்மாவிடம் மட்டும் ஆளை அனுப்பிவிடாதே. கெஞ்சிக் கேட்கிறேன். தெரியாத ஆட்கள் வாசலில் நின்று பேசினால் இப்போது அவளுக்கு உடம்பே நடுங்குகிறது.

அந்தச் சரிவில் இறங்கும்போது முன் பிரேக்கை மட்டும் பிடிக்காதே. இரண்டையும் சேர்த்துப் பிடி.

அண்ணன்

*

மே 15, ரயிலில்

அண்ணா,

எழுத்து கோணல்மாணலாக இருந்தால் ரயிலைத் திட்டு.

காலையில் சைக்கிளைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் மியூசியத்துக்குப் போனேன். புகார்க் காகிதம் கைப்பையில் தயாராக இருந்தது. உன் கேள்விக்காகப் போகவில்லை. என் காதில் பூச்சுற்ற இதுவும் ஒரு வழி என்றுதான் நினைத்தேன். கேட்காமல் விட்டாள் என்று நாளைக்கு நீ சொல்லக்கூடாது இல்லையா, அதற்காகப் போனேன்.

கூடத்தில் நானும் ஒரு காவலாளியும்தான். ஹெட்போனை மாட்டிப் பொத்தானை அழுத்தினேன். முதலில் துருத்தி மூச்சு இழுக்கிற சத்தம். அப்புறம் பள்ளி விடும்போது அம்மா வாசிப்பாளே, அந்த மெட்டு. பிள்ளைகள் வரிசையாகப் போய் முடிகிறவரை திரும்பத் திரும்ப வாசிப்பது. முதல் அடியிலேயே அது அம்மாவின் கை என்று தெரிந்துவிட்டது. அவள் மட்டும்தான் அடியின் கடைசியில் அப்படி ஒரு பிடி பிடித்துவிட்டு விடுவாள்.

நடுவில் நின்றுவிட்டது. பழுது என்று நினைத்துப் பொத்தானைப் பார்த்தேன். அப்போது அம்மாவின் குரல் வந்தது. இத்தனை சத்தமாக அவள் பேசி நான் கேட்டதில்லை.

"டேய், கேக்குதா?"

"கேக்குதும்மா" என்றாய். அப்புறம் கத்தினாய். "கேக்குது!"

"சரியா வருதா? இந்தப் பக்கம் திரும்பு. மூஞ்சியக் காட்டு."

"வருதும்மா. சரியாத்தான் வருது."

துருத்தியில் மிச்சமிருந்த காற்று கசிகிற சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் சொன்னாள்.

"உன் தங்கச்சி இருந்தா உள்ளதச் சொல்லியிருப்பா. அவளுக்குப் பூசி மெழுகத் தெரியாது. சரி, உன்ன நம்பித்தான் வாசிக்கிறேன்."

மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

எனக்கு எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கியது, அண்ணா. குளியல், தூக்கம், பக்கத்து வீடு. அவள் அண்ணியின் முகத்தைப் பயந்து பார்க்கவில்லை. என் கேள்வியை அண்ணி வாயசைத்துச் சொல்கிறார், அதைப் பார்த்துத்தான் அம்மா பதில் சொல்லியிருக்கிறாள். எதிரே உட்கார்ந்திருந்த எனக்கு அதில் கொடுமைதான் தெரிந்ததே தவிர, காது கேட்காதது தெரியவில்லை. எரிந்துபோன கடையில் எந்தப் பலகை முதலில் பற்றியது என்று சொல்கிறவள் நான்.

மெட்டு முடிந்தபோது, "சரியா வருதும்மா" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். காவலாளி என் பக்கம் வந்தார். ஹெட்போன் வேலை செய்யவில்லையா என்று கேட்டார். செய்கிறது என்றேன். புகார்க் காகிதத்தில் மூக்கைச் சிந்திக்கொண்டு வெளியே வந்தேன்.

உன் மேல் கோபம் போகவில்லை. எத்தனை நாளாக இப்படி? டாக்டரிடம் காட்டினீர்களா? மிஷின் வைக்கலாமே? அவள் பெட்டியை ஏன் கொடுத்தாள்? என்னிடம் ஏன் சொல்லவில்லை? கேட்டாயிற்று, இனி உன் வாக்கு தீர்ந்தது. ஒன்றுவிடாமல் எழுது.

தங்கை

*

மே 20

பாப்பாவுக்கு,

டாக்டரிடம் காட்டினோம். நரம்பு செத்துப்போய்விட்டது, திரும்பாது என்றார். மிஷின் வாங்கிக் கொடுத்தோம். அதில் இரைச்சல்தான் வருகிறதாம், இரும்புக் கடைக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கிறதாம். கழற்றி மேஜை டிராயரில் போட்டுவிட்டாள்.

காது மெல்ல மெல்லத்தான் போயிற்று. அப்போதும் தினமும் சாயந்திரம் வாசிப்பாள். பெட்டி நெஞ்சில் அதிர்கிறது, எனக்கு அது போதும் என்பாள். இதற்கிடையில் உள்ளே சுரம் எழுப்புகிற ரீடுத் தகடு ஒன்று கெட்டு, ஆடு கத்துகிற மாதிரி ஒரு சத்தம் கூடவே வர ஆரம்பித்தது. அவளுக்குத் தெரியவில்லை. நாங்களும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? உன் அண்ணியும் நானும் எதிரே உட்கார்ந்து தலையாட்டினோம். மாதக்கணக்கில் ஆட்டினோம்.

பழைய மாணவி ஒருத்தி பார்க்க வந்தாள். அம்மா வாசித்தாள். அந்தப் பெண்ணின் முகம் போன போக்கை அம்மா பார்த்துவிட்டாள். வாசிப்பதை நிறுத்தி எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தாள். "எத்தன மாசமா?" என்று மட்டும் கேட்டாள். அதற்கப்புறம் நீண்ட நாள் எங்களோடு பேசவில்லை. நாங்கள் அடுப்படியில் சிரித்தால் தன்னைப் பற்றித்தான் என்று எழுந்து வந்து பார்ப்பாள். நான் போனில் பேசினால் தன்னை எங்கேயோ அனுப்ப ஏற்பாடு நடக்கிறது என்பாள். நீ அவளுக்குத் தப்பாமல் பிறந்தவள், வேறென்ன சொல்ல.

மியூசியத்துக்குக் கொடுக்க வேண்டும் என்பது அவள் முடிவு. அவர்கள் ரீட்டை மாற்றித் தருவதாகவும், ஒரு தடவை வாசித்தால் பதிவு செய்து வைப்பதாகவும் சொன்னார்கள். அவள் இரண்டு நிபந்தனை போட்டாள். பெயர் வேண்டாம், உனக்குத் தெரியக்கூடாது. "அவளுக்குத் தெரிஞ்சா லீவப் போட்டுட்டு வந்து என்னையே பாத்துட்டு உக்காந்திருப்பா. நான் அவளுக்கு அம்மாவாவே இருந்துட்டுப் போறேன்" என்றாள்.

மியூசியத்துக்குப் போக நாங்களும் அதே சைக்கிள் கடையில்தான் வண்டி எடுத்தோம். முன்னால் தொட்டி வைத்த, சாமான் ஏற்றும் சைக்கிள். அம்மா அதில் அக்கார்டியனை மடியில் வைத்துக்கொண்டு ராணி மாதிரி உட்கார்ந்தாள். அந்தச் சரிவில் சக்கரம் தண்டவாளத்தில் மாட்டிக்கொண்டது. பின்னால் டிராம். டிரைவர் மணியை அடி அடியென்று அடிக்கிறார். ரோடே திரும்பிப் பார்க்கிறது. அம்மா மட்டும் எதிரே இருந்த கட்டடத்தின் மேல்மாடியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். டாக்டர் சொன்னபோதுகூட எனக்கு அப்படி உறைக்கவில்லை. அந்த இடத்தை நான் மறக்க முடியுமா? அதனால்தான் உனக்கு எழுதி மாட்டிக்கொண்டேன்.

நடுவில் நின்று பேசியதை வெட்டிவிடலாமா என்று மியூசியத்தில் கேட்டார்கள். நான் அம்மாவிடம் வாயசைத்துச் சொன்னேன். இருக்கட்டும் என்றாள்.

இப்போது ஒரு சங்கடம். இந்தக் கடிதமெல்லாம் யாரிடமிருந்து, என்ன ரகசியம் என்று துளைக்கிறாள். நீ கேட்டுவிட்டாய் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. நீயே எழுது. ஆனால் ஒன்று, வாசிப்பு பிரமாதம் என்று மட்டும் எழுது. மூன்றாவது அடியில் விரல் தடுமாறியதே, உன் காதுக்கு அது தப்பியிருக்காது. அதை எழுதிவிடாதே. அவள் தாங்கமாட்டாள்.

அண்ணன்

*

மே 23

அண்ணா,

அண்ணிக்குத் தனியாக ஒரு சீட்டு வைத்திருக்கிறேன். மன்னிப்புக் கேட்க எனக்குச் சரியாக வராது என்பது அவருக்குத் தெரியும், இருந்தாலும் கேட்டிருக்கிறேன்.

அம்மாவுக்கான கடிதம் உள்ளே தனிக் கவரில் இருக்கிறது. போனில் அவளைக் கூப்பிடச் சொல்லி இனி உங்களைப் படுத்தமாட்டேன். வாரத்துக்கு ஒரு கடிதம் எழுதுகிறேன். அவளுக்குக் கண் நன்றாகத் தெரிகிறதே, படிக்க அது போதும். அவளும் எழுதட்டும். திட்டுவதானாலும் எழுத்தில் திட்டட்டும்.

நீ வேண்டாம் என்று சொன்னதை எழுதியிருக்கிறேன். மூன்றாவது அடியில் விரல் தடுமாறியது என்று முதல் வரியிலேயே எழுதிவிட்டேன். கோபப்படாதே. எத்தனை மாதம் தலையாட்டினீர்கள், ஒரு நாளாவது அவள் நிம்மதியாக வாசித்தாளா? அந்த ஒரு பிசகை நான் சொன்னால்தான், மற்றதெல்லாம் சரியாக வந்தது என்று எழுதியிருப்பதை அவள் நம்புவாள். நான் இருந்தால் உள்ளதைச் சொல்லுவேன் என்று அவளே சொன்னாள்.

கவருக்கு டேப் ஒட்டவில்லை, பசைகூடத் தடவவில்லை. நீயும் அண்ணியும் வேண்டுமானால் படித்துப் பாருங்கள். ஆனால் அம்மா படிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்.

தங்கை